நேரிடலாமா, நேரிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் கலிபோர்னியாவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் சரியாகத் தெரியாத தமிழர் ஒருவர் குற்ற வழக்கில் நிற்கும்போது, நீதிபதி சொல்வதை அவர் காதில் தமிழில் சொல்வது என் வேலை. நான் வேலை பார்த்த வழக்குகளைப் பற்றி வெளியே பேசக்கூடாது. அதனால் யாரும் படிக்கக்கூடிய தீர்ப்புகளில் இருப்பதையே இன்று சொல்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், இங்கே நீதிபதி ஓர் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். 1978 முதல் உள்ள விதி இது. நீங்கள் குடிமகன் இல்லையென்றால், இந்தத் தீர்ப்பால் உங்களை நாடுகடத்தவோ, திரும்ப உள்ளே விட மறுக்கவோ, குடியுரிமை தர மறுக்கவோ நேரிடலாம் என்பார். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசிச் சொல். நேரிடலாம். இன்று மழை வரலாம் என்கிறோமே, அந்த 'லாம்'. ஆனால் சில குற்றங்களுக்கு நாடுகடத்தல் ஏறக்குறைய உறுதி. அங்கேயும் எச்சரிக்கையில் இருப்பது 'லாம்' தான். நான் அதை மாற்றிச் சொல்லவும் முடியாது, விளக்கவும் முடியாது.

அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் விசாரணை வரை போவதில்லை, ஒப்புதலிலேயே முடிகின்றன. ஜெயில் இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும், இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? குடிவரவுச் சட்டத்தின் கணக்கு வேறு. 1996-இல் அதைக் கடுமையாக்கினார்கள். திருட்டு வழக்கில் ஓராண்டுத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து, ஒரு நாள்கூட உள்ளே போகாமல் அனுப்பிவிட்டாலும், அந்தச் சட்டத்தில் அது மிகக் கடுமையான குற்றங்களின் பட்டியலில் சேரும். பிறகு மாநில நீதிமன்றமே குற்றப்பதிவை நீக்கினாலும் பெரும்பாலும் பயனில்லை. கலிபோர்னியா 2015 முதல் சிறு குற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 365 நாளிலிருந்து 364 ஆக்கியது இதனால்தான். அந்த ஒரு நாள் குறைந்ததில் எத்தனையோ குடும்பங்கள் பிரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இவற்றையெல்லாம் சட்ட உலகம் வெகுகாலம் 'பக்க விளைவு' என்றே சொல்லி வந்தது. வாக்குரிமை, தொழில் உரிமம், அரசு வீட்டுவசதி போவதும் அதே வகைதான். பக்க விளைவை எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை இல்லை என்று பல நீதிமன்றங்கள் ஒதுக்கிவிட்டன. நாடுகடத்தல் தண்டனையே அல்ல என்று 1893-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் குடிவரவு நீதிமன்றத்தில் ஏழைக்கு அரசு தன் செலவில் வழக்கறிஞர் வைத்துத் தருவதும் பொதுவாக இல்லை.

2010 மார்ச் 31-இல் 'படியா எதிர் கென்டக்கி' தீர்ப்பு வந்தது. படியா ஹோண்டுராஸில் பிறந்து, கிரீன் கார்டோடு நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகச் சேவை செய்தவர். லாரியில் கஞ்சா கொண்டுபோன வழக்கு. 'இத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், கவலைப்பட வேண்டாம்' என்று வழக்கறிஞர் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் அவருக்கு ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது. வழக்கறிஞர் இதைச் சொல்லத்தான் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் 'லாம்' போதும். தெளிவாக இருக்கும் இடத்தில் தெளிவாகவே சொல்ல வேண்டும். நான் தினமும் தடுமாறும் அதே இடம். ஆனால் அதற்கு முன்பே முடிந்துவிட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று 2013-இல் சொல்லிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

அப்புறம் 2017-இல் லீ என்பவரின் வழக்கு. 1982-இல், 13 வயதில், தென்கொரியாவிலிருந்து பெற்றோருடன் வந்தவர். பின்னாளில் டென்னசியில் உணவகம் நடத்தினார். போதைமருந்து வழக்கில் மாட்டிக்கொண்டு, நாடுகடத்துவார்களா என்று தன் வழக்கறிஞரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். மாட்டார்கள் என்றார் அவர். ஒப்புதல் நாளில் நீதிபதி எச்சரித்துவிட்டு, இது உங்கள் முடிவைப் பாதிக்குமா என்று கேட்டார். லீ ஆமாம் என்றார். எப்படி என்று நீதிபதி கேட்க, புரியவில்லை என்று சொல்லிவிட்டு வழக்கறிஞரைப் பார்த்தார். அது வழக்கமாகச் சொல்வதுதான் என்றார் வழக்கறிஞர். லீ தலையாட்டினார். பல ஆண்டுகள் போராடிய பிறகு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் காட்சியைத் தீர்ப்பில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. புரியவில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லியும் அது கடந்து போயிருக்கிறது!

நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் விசாவில் இங்கே இருக்கிறார்கள். கடையில் பணம் கட்டாமல் எடுத்த ஒரு பொருள், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஓர் இரவு, இவற்றைச் சின்ன வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே, விசாவை ரத்து செய்ய முடியும். ஒப்புக்கொள்ளும் முன் வழக்கறிஞரிடம் நேராகக் கேளுங்கள்: என்னை அனுப்பிவிடுவார்களா, மாட்டார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'லாம்' என்று பதில் வந்தால், குடிவரவுச் சட்டம் தெரிந்த இன்னொருவரிடமும் பேசுங்கள்.

யோசிக்க அவகாசம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், கலிபோர்னியாவில் நீதிபதி தந்தாக வேண்டும். அதுவும் அந்த 1978 விதியிலேயே இருக்கிறது. உங்களுக்குப் பதிலாக நான் கேட்க முடியாது. நீங்கள் தமிழில் கேட்டால், அந்த நொடியே ஆங்கிலத்தில் நீதிபதியிடம் சொல்வேன்.