ஸ்டெப்னியின் வீட்டு டேப்புகள்: முடிக்காத வேலையை வெளியிடலாமா?

வணக்கம். போன வீடியோவில் சிகாகோ சோல் இசைத் தயாரிப்பாளர் சார்ல்ஸ் ஸ்டெப்னி பற்றிப் பேசினேன். அவர் தன் வீட்டில் தனியாகப் பதிவு செய்து வைத்த டேப்புகள் 2022-இல் ‘ஸ்டெப் ஆன் ஸ்டெப்’ என்ற ஆல்பமாக வந்ததையும் சொன்னேன். அதைத் தேடிக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவர் கேட்பதை அப்படியே படிக்கிறேன்.

“நீங்கள் இவ்வளவு புகழ்ந்தீர்களே என்று கேட்டேன். டிரம் சத்தம் பொம்மைக் கீபோர்டு மாதிரி டிக் டிக் என்று அடிக்கிறது. பின்னால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல். சில உருப்படிகள் பாதியில் நின்றுவிடுகின்றன. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதை வெளியே விட்டிருப்பாரா? ஸ்டூடியோவில் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தவரின் முடிக்காத வேலையை இப்படிக் காட்டுவது அவருக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?”

நியாயமான கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. முதல் தடவை கேட்டபோது என் காதும் அந்த டிக் டிக்கில்தான் மாட்டிக்கொண்டது.

முதலில் இவர் யார் என்று புதியவர்களுக்காகக் கொஞ்சம். பிறந்தது 1931, சிகாகோ. அடிப்படையில் பியானோவும், உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வைப்ராஃபோனும் வாசிக்கிறவர். அறுபதுகளின் பிற்பாதியில் செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கேடட் பிரிவில் தயாரிப்பாளராகவும் அரேஞ்சராகவும் வேலை செய்தார். அரேஞ்சர் என்றால், ஒரு மெட்டு வந்ததும் அதில் வயலின்கள் எங்கே நுழைய வேண்டும், ஊதுவாத்தியங்கள் எத்தனை, கோரஸ் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுக்கிறவர். மின்னி ரிப்பர்ட்டன் பாடிய ரோட்டரி கனெக்‌ஷன் குழுவின் அந்தப் பெரிய, சர்ச்சில் எதிரொலிப்பது போன்ற ஒலி இவர் கட்டியது. ரிப்பர்ட்டன் தனியாகப் பாடி 1970-இல் வந்த ‘கம் டு மை கார்டன்’ ஆல்பமும் இவர் கைவேலைதான். தி டெல்ஸ் 1968-இல் பாடிய ‘ஸ்டே இன் மை கார்னர்’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதற்கு அரேஞ்ச்மென்ட் இவர். ராம்சி லூயிஸ், டெரி காலியர், ஏன், ப்ளூஸ் பெரியவர் மடி வாட்டர்ஸை மின்கிதார் வெள்ளத்தில் இறக்கிவிட்ட ‘எலெக்ட்ரிக் மட்’ ஆல்பத்திலும் இவருக்குப் பங்கு உண்டு.

அப்புறம் எழுபதுகளில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழு. அதன் தலைவர் மாரிஸ் ஒயிட் ஒரு காலத்தில் செஸ் ஸ்டூடியோவில் டிரம் வாசித்தவர், ராம்சி லூயிஸ் குழுவிலும் இருந்தவர். அந்தப் பழைய சிகாகோ உறவில்தான் ஸ்டெப்னி அங்கே வருகிறார். 1975-இல் ‘தட்ஸ் தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு, 1976 மே 17 அன்று, மாரடைப்பில் ஸ்டெப்னி இறந்துபோனார். வயது 45. அப்போது வேலை நடந்துகொண்டிருந்த ‘ஸ்பிரிட்’ ஆல்பத்தை அந்தக் குழு அவருக்கே காணிக்கையாக்கியது.

இத்தனை ஆல்பங்கள் சொன்னேன் அல்லவா? எதிலும் முன் அட்டையில் இவர் பெயர் கிடையாது. பின் அட்டையில், சின்ன எழுத்தில் இருக்கும். நேயர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருந்த இவர் வீட்டின் பேஸ்மென்டில் ஒரு சின்ன வேலையிடம் இருந்தது. பியானோ, வைப்ராஃபோன், மோக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம், ஒரு டிரம் மெஷின், ஒரு நான்கு டிராக் டேப் இயந்திரம். ஸ்டூடியோ வேலைக்கு நடுவே அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அங்கே உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்திருக்கிறார். 2022 ஆல்பத்தில் இருக்கும் 23 உருப்படிகளும் அங்கிருந்து வந்தவைதான்.

நான்கு டிராக் என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால் அந்த ‘ஸ்ஸ்’ இரைச்சலும் புரிந்துவிடும்.

கால் அங்குல அகலமுள்ள ஒரு டேப். அதை நீளவாக்கில் நான்கு பாதையாகப் பிரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதையிலும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். முதல் பாதையில் தாளம். டேப்பைத் திரும்பச் சுற்றி, ஹெட்ஃபோனில் அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது பாதையில் பேஸ், அதாவது கீழ்ச்சுர வரிசை. மறுபடி சுற்றி மூன்றாவதில் கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம். கடைசியில் மெட்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டேப்பைத் தொடும் காந்த முனைக்கு ஹெட் என்று பெயர். சாதாரண இயந்திரத்தில் பதிவு செய்யும் ஹெட்டும் வாசிக்கும் ஹெட்டும் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். வாசிக்கும் ஹெட்டில் பழைய தாளத்தைக் கேட்டுப் புதிதாக வாசித்தால் இரண்டும் ஒரு நொடியின் சிறு பங்கு விலகிவிடும். அதனால் பல டிராக் இயந்திரங்களில் பதிவு ஹெட்டையே தற்காலிகமாக வாசிக்கும் ஹெட்டாகவும் பயன்படுத்திக்கொள்ளும் வசதி வைத்தார்கள். ஒரே ஆள் தனக்குத் தானே பக்கவாத்தியம் வாசிக்க முடிந்தது இதனால்தான்.

நான்கும் நிறைந்துவிட்டால்? மூன்றைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு அந்த மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்தலாம். பவுன்ஸ் செய்வது என்பார்கள். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் டேப்பின் ‘ஸ்ஸ்’ ஒரு படி கூடும். கலந்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. அதனால் வீட்டில் பதிவு செய்கிறவர் எதை முதலில் வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக யோசித்தே ஆக வேண்டும். நாற்பது பேர் கொண்ட இசைக்குழுவுக்கு எழுதத் தெரிந்த ஒரு மனிதர் நான்கே பாதைக்குள் உட்கார்ந்து யோசிக்கிறார். நேயர் அவர்களே, ஆல்பத்தை இந்த ஒரு எண்ணத்தோடு மறுபடி கேட்டுப் பாருங்கள். தேவையில்லாத சுரம் ஒன்றுகூட இருக்காது.

சரி, அந்த டிரம் மெஷின். இன்றைக்கு மாதிரி நாமே தாளத்தை எழுதிக்கொள்ளும் இயந்திரம் இல்லை அது. அந்தக் காலத்து ரிதம் பெட்டிகளில் ராக், போசா நோவா, வால்ட்ஸ் என்று சில பொத்தான்கள் இருக்கும். அழுத்தினால் அடிக்கும், வேகத்தை மட்டும் மாற்றலாம். வீட்டில் ஆர்கன் வாசிக்கிறவர்களுக்காகச் செய்தது. ‘டிரம்மர் இல்லாததால் ஏதோ ஒன்றை வைத்தார்’ என்று நேயர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் இந்தப் பெட்டியில் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. ஸ்லை ஸ்டோன் 1971-இல் ‘தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்’ ஆல்பத்தில் இதே வகைப் பெட்டியை மையமாக வைத்தார். 1972-இல் டிம்மி தாமஸ் கிட்டத்தட்ட ஒரு ஆர்கனும் ரிதம் பெட்டியும் மட்டுமே வைத்து ‘ஒய் கான்ட் வி லிவ் டுகெதர்’ என்று ஒரு பெரிய ஹிட் கொடுத்தார். மனித டிரம்மர் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவார். பெட்டி அசையாது. அது அசையாததால் மேலே இருக்கும் பியானோவின் சிறு தயக்கம்கூட உங்கள் காதில் விழுகிறது. எனக்கு அதுதான் இந்த ஆல்பத்தின் அழகு. விரல் எங்கே கொஞ்சம் பின்தங்குகிறது, எங்கே முந்துகிறது என்று பெட்டியின் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம்.

மோக் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய மோக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வரும். கார்டு வாசிக்க முடியாது. சூடு ஏற ஏற சுருதியும் நகரும். ஏற்கெனவே டேப்பில் இருப்பதோடு ஒவ்வொரு தடவையும் சுருதி பார்த்து வாசிக்க வேண்டும். அந்த ஆல்பத்தில் மோக் ஒலி சில இடங்களில் லேசாக நடுங்குகிற மாதிரி தோன்றினால் அதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு மனிதர் இயந்திரத்தைச் சுருதிக்குள் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது முக்கியமான பகுதி. வெளியிட்டது சரியா?

இறந்தவரின் டேப்பை வெளியிடுவதில் தப்பே நடப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1975-இல், ‘கிராஷ் லாண்டிங்’ என்று ஒரு ஆல்பம் வந்தது. அவரோடு வாசித்த உண்மையான கலைஞர்களின் பகுதிகளை அழித்துவிட்டு, வேறு ஸ்டூடியோ கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார்கள். ஹென்ட்ரிக்ஸின் கிதார் நிஜம், சுற்றியிருப்பது அவர் கேட்டே இராதது. அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அவர் கேட்காத ஒன்றை அவர் பெயரில் விற்றார்கள்.

ஸ்டெப்னி விஷயத்தில் டேப்புகள் இருந்தது அவருடைய மூன்று மகள்களிடம். அந்த பேஸ்மென்டில் சத்தம் வந்த வீட்டிலேயே வளர்ந்தவர்கள். பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, சிகாகோவைச் சேர்ந்த இன்டர்நேஷனல் ஆந்தம் என்ற சின்ன நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்டார்கள். பெரும்பாலான உருப்படிகளுக்கு அப்பா தலைப்பே வைக்கவில்லை. மகள்கள்தான் கேட்டுக் கேட்டுப் பெயர் வைத்தார்கள். ‘எனக்கென்று ஒரு ஆல்பம் செய்வேன், ஸ்டெப் ஆன் ஸ்டெப் என்று பெயர் வைப்பேன்’ என்று அப்பா சொன்னது அவர்கள் நினைவில் இருந்தது. அந்தப் பெயரையே வைத்தார்கள். இதை நான் எப்படி அநியாயம் என்று சொல்வேன்?

“நேர்த்தியாக வேலை செய்தவரை இப்படிக் காட்டுவதா” என்கிறார் நேயர். அந்த நேர்த்தியெல்லாம் ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது, அது மற்றவர்கள் பெயரில் இருக்கிறது. 1990-இல் எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் என்ற ஹிப்-ஹாப் குழு ‘பொனிட்டா ஆப்பில்பம்’ பாட்டைச் செய்தபோது ரோட்டரி கனெக்‌ஷனின் ‘மெமரி பேண்ட்’ பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள். அந்தச் சித்தார் இழையை ரசித்த லட்சக்கணக்கான பேருக்கு ஸ்டெப்னி என்ற பெயர் தெரியாது. தயாரிப்பாளரின் விதி அது. அவர் கை எல்லா இடத்திலும் இருக்கும், குரல் எங்கேயும் இருக்காது. இந்த 23 உருப்படிகளில்தான் முதன்முறையாக நடுவில் வேறு யாரும் இல்லாமல் அவரைக் கேட்கிறோம்.

இன்னொன்று. வெளியிடாமல் வைத்திருந்தால் டேப் அப்படியே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். இருக்காது. பழைய அசிட்டேட் டேப் வினிகர் வாடை அடித்துச் சுருங்கி நொறுங்கும். எழுபதுகளின் நடுவில் வந்த சில வகை டேப்புகளில் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு ஒலிப்படலமே உரிந்து வரும். அந்த வகையைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் வாட்டித்தான் ஒரு தடவை ஓட்டி எடுக்கிறார்கள். சரியான இயந்திரமும் வேண்டும். நான்கு டிராக் டேப்பை அந்தக் காலத்து வீட்டு ஸ்டீரியோ டேப் இயந்திரத்தில் போட்டால் முதல் பாதையும் மூன்றாவது பாதையும் மட்டும் கேட்கும். திருப்பிப் போட்டால் மீதி இரண்டும் பின்னோக்கி ஓடும். தாளமும் கார்டும் கேட்டு, பேஸும் மெட்டும் இல்லாமல், ‘ஏதோ பாதி வேலை’ என்று யாராவது தூக்கிப் போட்டுவிடலாம். உலகத்தில் எத்தனை நல்ல டேப் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த ‘ஸ்ஸ்’ பற்றி. மென்பொருளில் அதை முழுக்கத் துடைக்க முடியும். துடைத்தால் வைப்ராஃபோன் அடித்ததும் கரைந்து போகிற அந்த நீண்ட வாலும், சிம்பல் மாதிரி மேல்சுருதியில் இருப்பவையும் சேர்ந்து போய்விடும். இரைச்சலும் அவையும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பவை. விட்டுவைத்தது நல்ல முடிவு.

எப்படிக் கேட்பது என்று நேயருக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், பேஸ் வரிசை முழுக்கக் காணாமல் போய்விடும். ஒரு சாதாரண ஹெட்ஃபோன் போதும். முதலில் 1971-இல் ரோட்டரி கனெக்‌ஷன் வெளியிட்ட ‘ஐ ஆம் தி பிளாக் கோல்ட் ஆஃப் தி சன்’ கேளுங்கள். கோரஸ், கிதார், ரிப்பர்ட்டனின் குரல், எல்லாம் சேர்ந்து அலையாக வரும். அப்புறம் இந்த ஆல்பத்தில் இருக்கும் ‘பிளாக் கோல்ட்’. வார்த்தை இல்லை, கோரஸ் இல்லை, அதே பாட்டு வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறது. ‘தட்ஸ் தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ டெமோவையும், அதாவது முன்மாதிரிப் பதிவையும், அதே மாதிரி கேளுங்கள்; ‘ஸ்பிரிட்’ ஆல்பத்தில் வந்த ‘இமேஜினேஷன்’, ‘ஆன் யுவர் ஃபேஸ்’ இரண்டுக்கும்கூட டெமோ இதில் இருக்கிறது. நான்கையும் இப்படி மாற்றி மாற்றிக் கேட்ட பிறகும் அந்த டிக் டிக் தொந்தரவாகவே இருந்தால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.