கெட்டில் போனது, கிரைண்டர் இருக்கிறது

[காட்சி: பரண் நிறைய அட்டைப்பெட்டிகள்]

வணக்கம். மேலே தெரிகிற பெட்டிகள் எல்லாமே காலி. உள்ளே தெர்மாகோல் மட்டும்தான். வாரண்டிக்குக் கேட்பார்கள் என்று எடுத்து வைத்தது. வாரண்டியே முடிந்து பல வருடம் ஆகிறது. மூன்று படுக்கையறை வீட்டிலிருந்து ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் போகிறோம், சாமான்களைக் குறைத்தே ஆக வேண்டும்.

‘அதிகம் தொடாத பொருளைத் தூக்கிப் போடு’ என்பார்கள். நம் சமையலறையில் அந்தக் கணக்கு உதைக்கும். எலக்ட்ரிக் கெட்டில் தினமும் ஓடியது. கிரைண்டர் வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். அப்படியும் போனது கெட்டில்தான்.

[காட்சி: கிரைண்டரில் உளுந்து மாவு]

இது இல்லாவிட்டால் அந்த வேலையை வீட்டில் வேறு எது செய்யும்? நாங்கள் கேட்டுக்கொண்டது இதை மட்டும்தான். கெட்டிலுக்குப் பதில் அடுப்பு இருக்கிறது, டோஸ்டருக்குத் தோசைக்கல், ரைஸ் குக்கருக்குப் பிரஷர் குக்கர். உளுந்துக்கு? மிக்ஸியின் பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடாகிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்துச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் மெதுவாக அரைக்கும்போதுதான் காற்று ஏறி மாவு பந்து மாதிரி பொங்கும். எங்களிடம் இரண்டு கிரைண்டர். அம்மாவின் பழைய பெரிய கல் கிரைண்டர் ஒன்று. 2011-ல் அரசு தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த சின்னது இன்னொன்று. சின்னதை வைத்துக்கொண்டோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

சரி, கரண்ட் பில்? கெட்டில் போனதில் பெரிய மிச்சம் இல்லை, அந்தச் செலவு கேஸுக்குப் போகிறது. மேடையில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். பில்லைத் தொடுவது வேறு பொருள்கள். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினால் ஒரு யூனிட். தினமும் அப்படியென்றால் இரண்டு மாதத்துக்கு 60. செட்டாப் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுத் தூங்கினாலும் அது விழித்திருக்கும். 10 வாட் என்று வைத்தால்கூட, நாள் முழுக்க ஓடி 60 நாளில் 14 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்களில் ஒரு பகுதிக்கும் விலை சேர்ந்து ஏறும். அதனால் செட்டாப் பாக்ஸுக்குத் தனி ஸ்விட்ச் போட்டோம்.

[காட்சி: ஃப்ரிட்ஜின் பின்புறம், கம்ப்ரசர்]

பழைய ஃப்ரிட்ஜைக் காயலான் கடையில் போடாதீர்கள். செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள், உள்ளே இருக்கிற குளிரூட்டும் வாயு அப்படியே வெளியேறும். எங்களுடையதில் ஆர்-134ஏ என்று எழுதியிருந்தது. கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற சரக்கு. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம், அல்லது பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் சேர்க்கலாம். பழையதற்குக் கிடைக்கிற விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அப்புறம் அந்தப் பெட்டிகள். அட்டையைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். தெர்மாகோலைத் தொடக்கூட இல்லை.

[காட்சி: காலிப் பரண், மூலையில் தெர்மாகோல் குவியல்]