நரம்புச் சிலந்தி

நேயர்களுக்கு வணக்கம்.

டிராகன்குலியாசிஸ். மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பெயர் வாயில் நுழைவதே கஷ்டம். தமிழில் இதே நோய்க்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். சிலந்தி என்றதும் எட்டுக்கால் பூச்சியை நினைக்க வேண்டாம். கட்டி, கொப்புளம் ஆகியவற்றையும் சிலந்தி என்றே நம் முன்னோர்கள் சொன்னார்கள். கினிப் புழு என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போன ஐரோப்பியர்கள் அங்கே பார்த்துவிட்டு வைத்த பெயர் அது.

புழு உள்ளே போவது குடிதண்ணீர் வழியாக. அது போனது யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் கிளம்பும். தீப்பட்டது போல எரியும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்திலோ கிணற்றிலோ நனைத்தால் கொப்புளம் உடைந்து, இடியாப்ப இழை கனத்தில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் பெண் புழு. நீளம் ஒரு மீட்டர் வரைகூட இருக்கும். தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கிவிடும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான்.

வெளியே வந்த நுனியைச் சின்னக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று இழுப்பார்கள். முழுதும் வெளிவர வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால், உள்ளே நிற்கும் மிச்சம் சீழ் பிடித்துக் காலையே முடக்கிவிடும். இன்றைக்கும் இதே குச்சி வைத்தியம்தான். புழுவைக் கொல்ல மருந்து கிடையாது.

இப்போது பெயருக்கு வருவோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அகதார்கிடீஸ் என்ற கிரேக்கர், செங்கடல் பக்கத்து மக்களின் கைகால்களிலிருந்து சின்னஞ்சிறு பாம்புகள் வெளிவருவதாக எழுதியிருந்தார். பின்னால் வந்த புளூடார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் அதை எடுத்துச் சொல்லியதால் நமக்குத் தெரிகிறது. டிராகான் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெரும்பாம்பு என்று பொருள். அதிலிருந்து வந்த லத்தீன் சொல் டிராகன்குலஸ், அதாவது குட்டிப் பாம்பு. 'இயாசிஸ்' என்ற பின்னொட்டு நோய்நிலையைக் குறிக்கும். ரோமாபுரியின் பெரிய மருத்துவரான கேலன் இதை டிராகான்டியாசிஸ் என்றார். தான் நேரில் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டதுதான் என்றும் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாரசீக மருத்துவர் இப்னு சீனா இதை மதீனா நரம்பு என்று அழைத்தார். அரபியிலும் நரம்பு, தமிழிலும் நரம்பு! ஒருவரைப் பார்த்து மற்றவர் வைத்த பெயர் என்று நான் நினைக்கவில்லை. காலிலிருந்து வெளுத்த இழை ஒன்று அங்குலம் அங்குலமாக வந்தால், யார் கண்ணுக்கும் முதலில் நரம்பாகத்தான் படும். இது உயிருள்ள புழுவா, கெட்டுப்போன நரம்பா என்ற வாதம் ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. கடைசியில் 1758-இல் உயிர்களை வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன்காரர் லின்னேயஸ் இதைப் புழுக்கள் பட்டியலில் சேர்த்தார். அவர் வைத்த 'மெதினென்சிஸ்' என்ற அடைமொழியில் மதீனா இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் தீர்ந்தது, புழு உடம்புக்குள் போகும் வழி எது என்பது தீரவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் ஃபெட்சென்கோ என்ற ரஷ்யர். 1870 வாக்கில் மத்திய ஆசியாவின் துருக்கிஸ்தானத்தில், குளத்து நீரில் திரியும் சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய நீர்ப்பூச்சிக்குள் புழுவின் குஞ்சு புகுவதை அவர் பார்த்தார். அந்தத் தண்ணீரை நாம் குடித்தால் புழு நமக்குள். அப்படியென்றால் நெருக்கமான துணியில் வடிகட்டிக் குடித்தாலே போதும்! தடுப்பூசியே இல்லாத நோயை இந்தியா விரட்டியது இப்படித்தான்: வடிகட்டும் துணி, அடிகுழாய், இறங்கி மொள்ள முடியாதபடி மாற்றிய படிக்கிணறுகள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

உலகம் முழுக்க 1986-இல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023-இல் 14 பேருக்கு மட்டுமே வந்தது. அடியோடு ஒழிந்திருக்க வேண்டியது. குறுக்கே வந்தவை நாய்கள். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் ஏராளமான நாய்களிடம் இந்தப் புழு இருப்பது தெரியவந்தது. நாய் குளத்தில் இறங்கினால் கதை மறுபடி முதலிலிருந்து. அதனால் புழு வெளிவரும் வரை நாயைக் கட்டிப்போட்டுத் தகவல் சொல்லும் சொந்தக்காரருக்கு அங்கே பணம் கொடுக்கிறார்கள்.

வணக்கம்.