ஹில்டன் ஹோட்டலுக்கு முதலாளி யார்?

நேயர்களுக்கு வணக்கம். வானொலிக் குழுவினர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கே வந்து இந்த உரையைப் பதிவு செய்கிறார்கள். ஹோட்டல் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். கோலாலம்பூர் ஹோட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். படுக்கை விரிப்பது எப்படி என்று ஆரம்பித்தால் அது முடியாது. அதனால் ஒரே ஒரு கம்பெனியின் கதையை எடுத்துக்கொள்கிறேன். ஹில்டன்.

இன்று உலகம் முழுவதும் ஹில்டன் குழுமத்தின் பெயர்களில் 8,000க்கும் அதிகமான ஹோட்டல்கள் இருக்கின்றன. அவற்றில் கம்பெனியே சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. மற்றதெல்லாம் வேறு யாரோ நிலம் வாங்கி, வேறு யாரோ கடன் எடுத்துக் கட்டியவை. வாசலில் தொங்கும் பெயர் மட்டும்தான் ஹில்டனுடையது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

கோன்ராட் ஹில்டன் 1887இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சான் அந்தோனியோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா நார்வேயிலிருந்து குடியேறிய மளிகைக் கடைக்காரர். 1907இல் பொருளாதாரம் படுத்தபோது வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விட்டார்கள். ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்தில் போய் நின்று, இறங்குகிறவர்களை வீட்டுக்கு அழைத்து வருவது இந்தப் பையனின் வேலை.

ஆனால் பெரியவரானதும் அவர் ஆசைப்பட்டது வங்கித் தொழிலுக்குத்தான். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919இல், டெக்சாஸ் மாநிலத்தில் சிஸ்கோ என்ற ஊருக்கு ஒரு வங்கியை விலை பேசப் போனார். பக்கத்தில் எண்ணெய் வயல்கள் கிளம்பியிருந்த நேரம். விற்பதாகச் சொன்னவர் கடைசி நிமிடத்தில் விலையை ஏற்றிவிட்டார். கோபத்தோடு வெளியே வந்தவர் எதிரில் தெரிந்த மோப்லி என்ற விடுதியில் அறை கேட்டார். அங்கே முன்கூடத்தில் ஒரே கூட்டம். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகப் படுக்கையை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஷிப்ட்காரன் எழுந்தால் அடுத்த ஷிப்ட்காரன் படுப்பான். ஒரே கட்டிலுக்கு ஒரு நாளில் மூன்று வாடகை! அந்த விடுதிக்காரருக்கோ எண்ணெயில் இறங்கிப் பெரும் பணம் பார்க்கும் ஆசை. விடுதியை விற்கத் தயாராக இருந்தார். கோன்ராட் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு 40,000 டாலருக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியதும் முதல் வேலையாகச் சாப்பாட்டு அறையை எடுத்துவிட்டு அங்கேயும் கட்டில் போட்டார். முன்கூடத்து மேசையைப் பாதியாக்கி, மீதி இடத்தில் பத்திரிகையும் சுருட்டும் விற்கும் கடை வைத்தார். சும்மா கிடக்கும் இடம் அவர் கண்ணை உறுத்தும். பிற்காலத்தில் நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா கைக்கு வந்தபோதும் இதே புத்திதான். முன்கூடத்தின் அலங்காரத் தூண்கள் சில உள்ளே வெறும் கூடு என்று தெரிந்ததும், அவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளாக்கி நகை, வாசனைத் திரவியக் கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். இந்த மனிதரைப் பெரிய கனவுக்காரர் என்று புகழ்வார்கள். எனக்கென்னவோ இவர் கணக்குப்பிள்ளையாகத்தான் தெரிகிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

தன் பெயரிலேயே ஒரு பெரிய ஹோட்டலை அவர் கட்டியது டல்லாஸில், 1925இல். நிலத்தை வாங்கவில்லை; 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். பாதி கட்டியபோது பணம் தீர்ந்துபோனது. நேராக நிலத்துக்காரரிடமே போய், கட்டடத்தையும் நீங்களே முடித்துக் கொடுங்கள், நான் வாடகை கட்டுகிறேன் என்று கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தார். பின்னால் வரப்போகும் கதைக்கெல்லாம் விதை இங்கேதான் இருக்கிறது.

1930களின் பெருமந்தத்தில் கையில் இருந்த ஹோட்டல்கள் பலவும் போய்விட்டன. சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஹோட்டல் பெல்பாய் ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 300 டாலர் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில்தான் வால்டோர்ஃப் ஹோட்டலின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். 1949இல் அந்த ஹோட்டலை நடத்தும் கம்பெனியே அவர் கைக்கு வந்தது. நடுவில் சிகாகோ, நியூயார்க் என்று வாங்கிக் குவித்ததை விட்டுவிடுகிறேன். 1954இல் ஸ்டாட்லர் குழுமத்தை 111 மில்லியன் டாலருக்கு மொத்தமாக வாங்கினார் என்பதோடு போதும்.

நமக்கு வேண்டியது அதே 1949இல் நடந்த இன்னொரு விஷயம். புவேர்ட்டோ ரிக்கோ தீவின் அரசாங்கம் சுற்றுலாவை வளர்க்க நினைத்தது. சான் ஹுவான் நகரில் ஹோட்டல் நடத்த வாருங்கள் என்று அமெரிக்கக் கம்பெனிகளைக் கூப்பிட்டது. கோன்ராட் ஸ்பானிய மொழியிலேயே பதில் எழுதினார் என்பார்கள். நியூ மெக்சிகோக்காரருக்கு அது கடினமில்லை. ஒப்பந்தம் இப்படி அமைந்தது: நிலம், கட்டடம், மேசை நாற்காலி எல்லாம் அரசாங்கச் செலவு. நடத்துவது ஹில்டன். லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு ஹில்டனுக்கு. கரீப் ஹில்டன் என்று பெயர். சொந்தக் காசில் செங்கல் வைக்காமலே வெளிநாடுகளில் பரவலாம் என்ற வழி அங்கே திறந்தது.

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் நம் தோட்டங்களை நடத்தியது யார்? கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், சைம் டார்பி மாதிரியான ஏஜென்சி ஹவுஸ்கள். தோட்டத்தின் பங்குகளை வைத்திருந்தவர்களோ பெரும்பாலும் லண்டனில் இருந்தார்கள். ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஏஜென்சி ஹவுஸ் துரையை அனுப்பும், உரம் வாங்கும், ரப்பரை விற்கும், எல்லாவற்றுக்கும் கட்டணமும் கமிஷனும் எடுத்துக்கொள்ளும். ரப்பர் விலை விழுந்தால் அடி முதலில் விழுவது பங்குக்காரர்களுக்கும், சம்பளம் குறைக்கப்படும் தொழிலாளிக்கும். நம் தாத்தா பாட்டி பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நின்று பெரிய துரைக்குப் பயந்தார்கள். அந்தத் துரையும் மாதச் சம்பளக்காரர்தான் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஹில்டன் ஹோட்டல் உலகத்தின் ஏஜென்சி ஹவுஸாக வளர்ந்தது. 1955இல் திறந்த இஸ்தான்புல் ஹில்டனின் கட்டடம் துருக்கி அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்குச் சொந்தம். நம் இ.பி.எஃப். என்ற தொழிலாளர் சேமநிதிப் பணத்தில் ஒரு பெரிய ஹோட்டலைக் கட்டி, நடத்த வெளிநாட்டுக்காரரை அழைத்த மாதிரி. 1958இல் ஹவானா ஹில்டன். அதற்குப் பணம் போட்டது கியூபாவின் உணவக, ஹோட்டல் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதி. திறந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோ படையோடு நகருக்குள் வந்தார். அந்த ஹோட்டலிலேயே தங்கி அங்கிருந்தே ஆட்சியை நடத்தினார். 1960இல் அரசுடைமையானது, பெயர் ஹபானா லிப்ரே என்று மாறியது. ஹில்டனுக்கு இழப்புதான். ஆனால் கட்டடம் அவர்களுடையதாக இருந்திருந்தால் எவ்வளவு பெரிய அடி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஏஜென்சி ஹவுஸையே விலைக்கு வாங்க முடியும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் பி.என்.பி. என்ற மலேசிய அரசு முதலீட்டு நிறுவனம் சில மணி நேரத்தில் கத்ரியை மலேசியாவின் கைக்குக் கொண்டு வந்தது. ஹில்டனுக்கும் அதுபோல வந்தது, வேறு வழியில். 1964இல் வெளிநாட்டுப் பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். 1967இல் அதை டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்துக்குப் பங்குகளுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பங்குகளின் விலை பின்னால் சரிந்தது. கோன்ராடின் மகன் பாரன் முன்னின்று நடத்திய பேரம் அது. 1987இல் அந்தப் பிரிவு பிரிட்டனின் லாட்ப்ரோக் கம்பெனிக்குப் போனது. லாட்ப்ரோக் என்றால் பந்தயக் கடை நடத்துகிறவர்கள். ஆக, ஒரே பெயர், இரண்டு முதலாளி. அமெரிக்க ஹில்டன் வெளிநாட்டில் ஹோட்டல் திறக்கும்போது ஹில்டன் என்று பெயர் வைக்க முடியாமல் கோன்ராட் என்று வைத்துக்கொண்டது. இந்தக் கூத்து 2006 வரைக்கும் நீடித்தது. கடைசியில் 3.3 பில்லியன் பவுண்டு கொடுத்து வெளிநாட்டுப் பிரிவைத் திரும்ப வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் ஹில்டன் முழுவதையும் 26 பில்லியன் டாலருக்கு வாங்கியது, பெரும்பகுதி கடன். 2008இல் உலகமே தடுமாறியது. எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டடம் கட்டுவதில் பணத்தைப் போடாமல், பெயரைக் கொடுத்துக் கட்டணம் வாங்குவதை இன்னும் வேகப்படுத்தினார்கள். 2013இல் பங்குச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். 2018இல் முழுக்க விற்று வெளியேறியபோது ஏறத்தாழ 14 பில்லியன் டாலர் லாபம். நடுவில் 2017இல், மிச்சமிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவற்றைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டார்கள். கோன்ராட் ஆசைப்பட்ட வால்டோர்ஃப் அதற்கு முன்பே, 1.95 பில்லியன் டாலருக்குச் சீனாவின் அன்பாங் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த 100 ஆண்டுகள் ஹில்டனே நடத்தும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விற்றார்கள். 2018இல் அந்த அன்பாங்கையே சீன அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஹில்டனின் ஒப்பந்தம் அப்படியே இருந்தது.

நம் நாட்டிலும் இதைக் காணலாம். ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 1973இல் திறந்த பழைய கோலாலம்பூர் ஹில்டனை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஹில்டன் பெயர் அங்கிருந்து போன பிறகும் கட்டடம் வேறு பெயரில் ஹோட்டலாகவே ஓடியது, பிற்பாடு இடித்துவிட்டார்கள். இப்போதைய ஹில்டன் 2004இல் கே.எல். சென்ட்ரலில் வந்தது. அந்த இடம் பழைய ரயில்வே யார்டு, நம் ஆட்கள் காலங்காலமாக உழைத்த பிரிக்ஃபீல்ட்ஸ். பக்கத்துச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். அமைச்சராகவும் ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் இருந்த அவர், நம் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர். ஹில்டன் முதல் விடுதியை வாங்கிய அதே ஆண்டு.

துன் சம்பந்தன் போட்ட கணக்கு நேர்மாறானது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நிலத்தை நாமே வாங்குவோம் என்றார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. நிலம் யாருக்கு என்பதுதான் அவருடைய கேள்வி. ஹில்டனின் கேள்வி, நிலம் யாருடையதாக இருந்தால் என்ன, நடத்துவது யார் என்பது. இரண்டில் எது கெட்டிக்காரத்தனம் என்று கேட்டால், பணம் பார்க்க ஹில்டன் வழி. பால் வெட்டுகிறவன் வீட்டை விட்டுத் துரத்தப்படாமல் இருக்கத் துன் வழி.

நடத்துவது என்றால் என்ன? அந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு காசு கொடுக்கிறார்கள்? இதை ஹவுஸ்கீப்பிங் ஆளிடம் கேட்க வேண்டும். பெரிய சங்கிலி ஹோட்டல்களில் எல்லாவற்றுக்கும் விதிப் புத்தகம் இருக்கும். விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். தலையணை உறையின் திறந்த பக்கம் கதவைப் பார்க்கக் கூடாது. சூப்பர்வைசர் வந்து கதவு நிலையின் மேல் பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். குளியல் தொட்டியில் ஒரே ஒரு முடி கிடந்தால் போதும், அறை தேறாது, திரும்பவும் முதலிலிருந்து. சில சமயம் பெயர்க் கம்பெனி அனுப்பிய ஆள் சாதாரண விருந்தாளி மாதிரி வந்து தங்கி, மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார். இந்த ஒழுங்கை நம்பித்தான் இஸ்தான்புல்லில் தங்கியவர் கோலாலம்பூரிலும் அதே பெயரைத் தேடுகிறார். அதற்குத்தான் கட்டட முதலாளி, மொத்த வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று என்றும், லாபத்தில் தனியாக ஒரு பங்கு என்றும் நடத்துகிறவர்களுக்குக் கொடுக்கிறார். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு தானே நடத்தும் முதலாளிகளும் நிறைய உண்டு, அது ஃபிரான்சைஸ்.

ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பெரும்பாலான இடங்களில் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது வாசலில் இருக்கும் பெயரில்லை. ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். கேள்விப்படாத ஏதோ ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனியின், பெயர் இருக்கும். அதுதான் கட்டட முதலாளியின் கம்பெனி. ஹோட்டலின் பெயர் மாறினாலும் உங்கள் முதலாளி அவராகவே இருக்கலாம். கட்டடம் கை மாறினால் உங்கள் சர்வீஸ் ஆண்டுகள் என்ன ஆகும் என்பதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இ.பி.எஃப்., சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி இரண்டும் எந்தக் கம்பெனி பெயரில் கட்டப்படுகிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் இன்னொன்று. விருந்தாளி பில்லில் கட்டும் 10 விழுக்காட்டை, ஒவ்வொருவருக்கும் இத்தனை பாயிண்ட் என்ற கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததும் சில முதலாளிகள் இந்தப் பணத்தைக் காட்டியே சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள். ஹோட்டல் ஊழியர் சங்கம் வழக்காடியது. சர்வீஸ் சார்ஜைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குள் சேர்க்கக் கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அது முழுதாக வர வேண்டும்; பாயிண்ட் அதற்கு மேல். நேர்காணலில் ஒரு பாயிண்ட் போன மாதம் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வேலைக்கு எடுக்கிறவர்கள் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுப் பழகியவர்கள்தான்.

நன்றி, வணக்கம்.