திருச்சபைத் தலைவரை வளர்ப்பவை இடர்களே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம். "திருச்சபைத் தலைவரை வளர்ப்பது முறையான பயிற்சியா, எதிர்கொள்ளும் இடர்களா?" என்னும் இன்றைய தலைப்பில், இடர்களே என்னும் அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு கருத்துகளை அழுத்தமாக வைத்தார். இறையியல் கல்லூரியில் முறையாகக் கற்காதவர் கையில் சபையை ஒப்படைப்பது, துடுப்புப் போடத் தெரியாதவரிடம் தோணியைக் கொடுப்பதற்குச் சமம் என்றார். இடர்கள் எத்தனையோ ஊழியர்களை வளர்க்காமல் முறித்துப் போட்டிருக்கின்றன என்றும் சொன்னார். இரண்டாவது கருத்து என்னை உறுத்துகிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதல் கருத்துக்கு விடையாக, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களின் வாழ்க்கையை நடுவர் முன் வைக்கிறேன்.

கிராமத்துக் குருவானவரின் மகனான அவர் பதின்வயதில் தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாமலே வெளியே வந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டித் தங்கள் ஆட்களை ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். அவர்களைவிட எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலிச் சபையிடம் அப்படி ஒரு சங்கம் இல்லையே என்ற வெட்கம் அவரை உறங்கவிடவில்லை; மறு ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. அந்தச் சங்கத்தின் ஊழியக்களமான தோர்ணக்கல்லுக்கு, நிஜாம் ஆட்சியிலிருந்த ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள், 1909இல் அவரே மிஷனரியாகப் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு மொழியைக் கற்று, ஊர் ஊராக மாட்டுவண்டியில் சென்றார்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேச எழுந்தார். அவையில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேற்கத்தியர். அவருடைய ஊழியத்துக்கே ஆதரவு தந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மிஷனரிகளின் தியாகத்தை மனதாரப் போற்றிய பிறகு, வெள்ளைக்கார ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லி, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். அதை விரும்பாதவர்கள் ஐரோப்பியரிடையே மட்டுமல்ல, நம்மவரிடையேயும் இருந்தார்கள் என்பதைத் தமிழனாக நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, ஒதுக்கப்பட்டதன் வலியை அறிந்த அந்த மனிதர், தோர்ணக்கல்லில் யாரைத் தேடிப் போனார் என்பதில்தான் என் வாதம் நிற்கிறது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்களிடையே அவர் ஊழியம் செய்தார். அவர்களிலிருந்தே குருக்களை எழுப்பினார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ" என்று அறிக்கையிடச் செய்தார். இன்னொருவர் தலையில் கைவைத்துப் பொறுப்பைத் தரும் வழக்கத்தையே அறிந்த சபையில், நேற்றுவரை எவரும் தொடத் தயங்கிய மனிதரின் கையையே அவருடைய தலைமேல் ஏறச் செய்த அந்த நுட்பம் எந்தப் பாடத்திட்டத்தில் இருந்து வந்திருக்கும்? அவரே தோர்ணக்கல்லில் ஊழியருக்குப் பயிற்சி நடத்தினாரே என்று எதிரணி கேட்கும். ஆம், நடத்தினார், அந்தப் பயிற்சியில் எவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்தது அவர் பட்ட பாடு.

இனி என் அனுபவத்தில் ஒன்று. நானும் இறையியல் கற்றவன்தான். கல்லூரிக்கு நான் பட்ட கடன் பெரிது. குருவானவராக நான் பொறுப்பேற்ற முதல் சபைப் பகுதியான சேகரத்தில், சபையார் கூடி உண்ணும் அசனவிருந்தின் கணக்கைப் பற்றி எழுந்த பூசலில், எதிர்த்தரப்பாரைத் தனியே அழைத்துக் கேட்காமல் ஆராதனை அறிவிப்பிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு வழக்கம்போல் நூற்றிருபது அப்பங்களை வைத்து ஆசீர்வதித்தேன். பந்திக்கு வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் இல்லை. மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஆசீர்வதித்த அப்பத்தை மீத்து வைக்கக் கூடாது என்பதால், ஆராதனை முடிந்தபின் பீடத்தின் அருகே நின்று, குருவுக்குத் துணையாக இருக்கும் உபதேசியாரும் நானும் அவற்றை உண்டோம். ஒவ்வொரு அப்பத்தையும் வாயிலிடும்போது, அதை வாங்கியிருக்க வேண்டியவரின் முகம் கண்முன் வந்தது. தொண்டை அடைத்தது. அன்று இரவே கணக்குப் பார்த்த பெரியவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் அவர் உள்ளிருந்து வரவில்லை. பிறகு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, "ஐயா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். மேய்ப்புப் பணியைப் பற்றி நான் எழுதிய தேர்வுகளில் நல்ல மதிப்பெண்கள் வாங்கியிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பேச வேண்டும் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

இடர்கள் பலரை முறித்துவிட்டன என்ற கருத்துக்கு இப்போது வருகிறேன். அப்படி ஒடிந்துபோன நண்பர்களை நானும் அறிவேன், அவர்களுக்காக இன்றும் மனம் கசிகிறது. ஆனால் அவர்களுடைய கதைகளை நெருங்கிப் பார்த்தால், அவர்கள் பாரத்தால் ஒடிந்ததைவிட, பாரத்தோடு தனியே விடப்பட்டதால் ஒடிந்ததே அதிகம். அசரியாவுக்குத் துணைவியார் அன்பு அம்மையார் இருந்தார். அவரை உயர்த்திப் பிடித்த சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் இருந்தார். எதிரணி நண்பரின் குற்றச்சாட்டு, குருவானவர் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்காத சபையாராகிய நம்மீது வரவேண்டியது. அதை இடர்களின் தலையில் சுமத்துவது முறையன்று.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்குத் தம் பாடுகளை வரிசைப்படுத்தி எழுதியபோது, ஐந்துமுறை பட்ட சாட்டையடிகளையும், மூன்று கப்பற்சேதங்களையும் சொல்லிவிட்டு, எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறது என்பதையும் அதே பட்டியலில் சேர்த்தார். யூத வேத அறிஞர் கமாலியேலின் பாதத்தருகே கற்ற அவருடைய கல்வி சிறியதன்று. ஆனாலும் தாம் கிறிஸ்துவின் ஊழியர் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டபோது, அந்தக் கல்வியை அவர் எடுத்துக் காட்டவில்லை, காட்டியவை தழும்புகளே. அந்தச் சான்றையே நானும் நடுவர் முன் வைத்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.