மாஸ் சரிந்தார், வெல்கர் அசையவில்லை

வணக்கம் மக்களே. பேச்சு அப்புறம், முதலில் இந்த ஜெர்சியைப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் அரிசோனா கார்டினல்ஸ் அணி, சிவப்பு, 11-ஆம் எண். எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கிற ரிசீவர், நம்ம லாரி ஃபிட்ஜெரால்டு! பழைய துணிக்கடையில் 45 டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தது. இந்தக் கைமடிப்பில் தையல் பிரிந்திருக்கிறது, தெரிகிறதா? காட்டினேன், 38-க்கு இறங்கினார்கள். இந்த இரண்டாவது ‘1’ ஓரம் உரிந்திருக்கிறது, அதையும் காட்டினேன். 30-க்கு முடிந்தது! புதிது வாங்கினால் நூறைத் தாண்டும்.

பணம் கட்டும்போது பின்னால் நின்றவர் சொல்கிறார்: “இவருக்கென்ன, வார்னர் எறிந்தார், இவர் பிடித்தார்.” அவர் சொன்னது கர்ட் வார்னரை, ஃபிட்ஜெரால்டுக்குப் பந்தை எறிந்த குவாட்டர்பேக்கை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதனால்தான் இன்றைக்கே இந்த வீடியோ.

குவாட்டர்பேக் முக்கியமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரேண்டி மாஸ் என்ற ரிசீவரைப் பாருங்கள். 2006-ல் ரெய்டர்ஸ் அணியில் 42 கேட்ச், 553 யார்டு, 3 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவது). அடுத்த வருடம் நியூ இங்கிலாந்து அணி, குவாட்டர்பேக் டாம் பிரேடி: 98 கேட்ச், 1,493 யார்டு, 23 டச்டவுன். ஒரு சீசனில் ஒரு ரிசீவர் பிடித்த டச்டவுனில் இன்றுவரை அதுதான் சாதனை. 2008-ல் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்கால் போய்விட்டது. அவருக்குப் பதில் வந்தவர் மேட் கேசல். மாஸ் 1,008 யார்டு, 11 டச்டவுன். டச்டவுன் முந்தைய வருடத்தில் பாதிகூட இல்லை. ஆ, சொல்ல விட்டுவிட்டேன், ரெய்டர்ஸ் மாஸை விட்டுக்கொடுத்தது புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, அதே அணி, அதே இரண்டு வருடம், இன்னொரு ரிசீவர் வெஸ் வெல்கர். பிரேடியோடு 112 கேட்ச். கேசலோடு? 111!

ஏனென்றால் வெல்கர் ஐந்தாறு யார்டு ஓடித் திரும்பினால் போதும், பந்து கைக்கு வந்துவிடும். அதைச் சுமாரான குவாட்டர்பேக்கும் போட்டுவிடுவார். மாஸுக்கு அப்படி இல்லை. அவர் நாற்பது யார்டு ஓடும்வரை எறிபவர் அடிபடாமல் நிற்க வேண்டும். அவர் போய்ச் சேரப்போகிற இடத்துக்குப் பந்தை முன்கூட்டியே விட வேண்டும். ஓரடி பின்னால் விழுந்தால்கூட மாஸ் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும், அதற்குள் தடுப்பவர் கை நடுவில் வந்துவிடும். எனக்கு நீளப் பந்துதான் உயிர், கிட்டத்திலேயே குட்டையாகப் போடுகிற ஸ்கிரீன் பாஸ் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் குவாட்டர்பேக் மாறினால் முதலில் அடிவாங்குவதும் அந்த நீளப் பந்துதான்.

இப்போது நம்ம ஆள். வார்னர் 2009 சீசனோடு ஓய்வு பெற்றார். 2012-ல் கோல்ப், ஸ்கெல்டன், லிண்ட்லி, ஹோயர் என்று நான்கு பேர் மாறி மாறி குவாட்டர்பேக்காக ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். ஃபிட்ஜெரால்டு 71 கேட்ச், 798 யார்டு. கடையில் பார்த்தவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். அப்படியானால் 2011? அப்போதும் வார்னர் இல்லை, இதே கோல்ப், இதே ஸ்கெல்டன். 80 கேட்ச், 1,411 யார்டு! பந்து கொஞ்சம் கோணலாக வந்தாலும், உயரமாக வந்தால் போதும், இரண்டு பேருக்கு நடுவே எழும்பிப் பறித்துவிடுவார். அந்தக் கையை எந்தக் குவாட்டர்பேக்கும் கொடுக்க முடியாது.

மொத்தம் 17 சீசன், 1,432 கேட்ச், 17,492 யார்டு. இரண்டிலும் அவருக்கு மேலே ஜெர்ரி ரைஸ் ஒருவர்தான். பின்னாளில் கார்சன் பாமர் நன்றாக எறிந்தார், ஒத்துக்கொள்கிறேன். வார்னரோடு ஆடியது ஐந்தே சீசன், மக்களே, ஐந்தே ஐந்து!

இந்தத் தையலை இன்று ராத்திரியே போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கும்போது இதுதான் என் சட்டை.