இரவல் நகையில் ஜொலித்தவர்கள்

நடுவர் ஐயா அவர்களே, வணக்கம். ‘லெட் செப்பலின் ராக் குழுவின் புகழ் தகுதியானதா, மிகையானதா?’ என்பது தலைப்பு. மிகையே என்று சொல்ல வந்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் விடுதி அறைச் சுவரில் இவர்கள் படத்தை ஒட்டியவன்தான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எதிரணித் தம்பி மேசையிலேயே தாளம் போட்டு, “இந்தக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் மாதிரி டிரம்ஸ் அடிக்க ஆள் உண்டா?” என்றார். இல்லை தம்பி, ஒத்துக்கொள்கிறேன். நாலாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு அடியும் கிணற்றுக்குள் பாறாங்கல் விழுகிற மாதிரி இருக்கும். அடி அவருடையது. பாட்டு? ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் இசையைப் பாடிய மெம்பிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும், 1927 மிசிசிப்பி வெள்ளத்தை வைத்து 1929-இலேயே பாடிப் பதிவு செய்தது! இதிலாவது மின்னியின் பெயரைப் போட்டார்கள்.

‘ஹோல் லாட்டா லவ்’ கதை என்ன? வில்லி டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய பாட்டின் வரிகள், 1969-இல் இவர்கள் பெயரில் வந்தன. டிக்சன் 1985-இல் வழக்குப் போட்டார், 1987-இல் சமரசம். இன்று அந்தப் பாட்டில் அவர் பெயரும் இருக்கிறது. பதினெட்டு வருஷம் ஐயா! ஒரு பிள்ளை பிறந்து ஓட்டுப் போடுகிற வயசு.

“ப்ளூஸில் ஒருவர் பாட்டை ஒருவர் எடுத்தாள்வது மரபு” என்றார் தம்பி. மரபுதான். எடுத்துப் பாடுவது மரபு. எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு ராயல்டி வாங்குவது எந்த ஊர் மரபு?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டின் இசையும் இரவல்தான் என்று போட்ட வழக்கில் இவர்கள் ஜெயித்தார்கள். 2016-இல் ஜூரி சொன்னதை 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அதை நான் தொடவில்லை.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. அடுத்துப் பேச வரும் அம்மாவிடம் ஒரே கேள்வி. ‘டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்’ பாட்டை ஜேக் ஹோம்ஸ் 1967-இலேயே வெளியிட்டுவிட்டார். 1969-இல் வந்த இவர்களுடைய முதல் இசைத்தட்டு அட்டையில் ஹோம்ஸ் பெயர் எந்த மூலையில் இருக்கிறது? காட்டுங்கள். நான் இப்போதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வந்து உட்காருகிறேன்.